நந்தியாவட்டைக்குப் போன தண்ணி

என் தங்கமே, தேவி அக்கா,

சாதாரண காய்ச்சல்னு படுத்தவ, பொண்ணை என் கையில குடுத்துட்டுப் போயிட்ட. ரெண்டு மழைக்காலம் ஓடிப்போச்சு, உன்மேல இருக்கற கோவம் இன்னும் அடங்கல.

மாமா பழையபடி ஒரகடத்துக்கு ஷிப்டு போறார், ஓ.டி.யும் பாக்கறார். பிரியாவை நான்தான் ஸ்கூல் வேன்ல ஏத்தி வுடறேன். நம்ம கொல்லைக்குப் பின்னாடி, நெல்லு வெளைஞ்ச எடத்துல இன்னொரு கம்பெனி ஷெட்டு எழும்பிடுச்சு. சாயந்திரமானா அந்த வெள்ளை லைட்டு நேரா உன் நந்தியாவட்டை மேலதான் விழுது.

நீ வேலைக்குப் போன கம்பெனி வேலியில ஒரு குச்சி ஒடிச்சு, டிபன் பாக்ஸ்ல ஒளிச்சு, செக்யூரிட்டி கண்ணுல மண்ணைத் தூவி எடுத்தாந்தியே, அதே செடிதான். எரு போடறேன், காஞ்ச கிளையைக் கழிச்சு வுடறேன்.

உன்னைக் கொல்லையில குளிப்பாட்டினப்ப, தண்ணி வெளியே போக யாரும் வாய்க்கால் இழுக்கல. அத்தனையும் அதோட வேருக்குப் போச்சு. அப்போலேர்ந்து ஓயாம பூக்குது. ஆனா உதிர்ந்த பூ ஒண்ணைக்கூட நான் தரையில பாத்ததில்ல. "சாவுத் தண்ணி குடிச்ச செடிம்மா, வெட்டிப் போடு"ன்னு பக்கத்து வூட்டு தனம்மா சொல்லிக்கினே இருந்தாங்க. நான்தான் காதுல வாங்கல.

போன வாரம் ஒரு நாள், பிரியாவுக்குக் காலையில நான் போட்டது ரெட்டைச் சடை. விளக்கு வெக்கற நேரத்துக்குக் கொல்லையிலேர்ந்து வரா, நாலுகால் பின்னல்! எனக்கு அது வராதுன்னு உனக்குத் தெரியாதா? எத்தனை தடவை சொல்லிக் குடுத்து, தலையில அடிச்சுக்குவியே!

"யாருடி பின்னினது?"

"அம்மாதான்."

"எந்த அம்மாடி?"

செடியைக் காட்டினா. "என்னைக் கூட்டிக்கினு போறேன்னு சொல்லிச்சு சித்தி. அங்க எடம் கீதாம்."

அருவாளைத் தூக்கிக்கினு ஓடினேன்க்கா. ஒரு கிளைதான் வெட்டினேன், பால் வடிஞ்சுது. உள்ளே பிரியா கையைப் புடிச்சுக்கினு "ஐயோ எரியுதே"ன்னு அலறினா. ஓடிப் போய்ப் பாத்தா, கையில ஒரு கீறல் இல்ல.

இன்னா பண்ணட்டும், சொல்லு? கொல்லைக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கினு திரியறேன். இன்னிக்கும் அவ தலையில நாலுகால் பின்னல்தான்.

நீ பெத்தவ, ஆசை இல்லாம இருக்குமா? வந்து பாத்துக்கோ, தலை பின்னி வுடு. இனிமே அந்தச் செடிமேல கத்தி படாது, சத்தியமா சொல்றேன். ஆனா குழந்தையைக் கூப்பிடாதக்கா. அவ இல்லாம எனக்கு ஒரு நாள் ஓடாது. துணைக்கு ஆள் வேணும்னா என்னைக் கூப்பிடு, வரேன்.

உன் கூடப் பொறந்தவ,
பிரியாவோட சித்தி,
கலா