விசிலுக்குப் பயந்த சோறு

அன்புள்ள அம்மாவுக்கு,

சத்தியபிரியா எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? பெரும்பாறையில் மிளகுப் பறிப்பு முடிந்ததா? கொடைக்கானலில் நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். அவர் வேன் ஓட்டப் போனால் சனிக்கிழமைதான் வருகிறார். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

லாட்ஜ் வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்துதான் உலை வைக்கிறேன். குக்கர் விசில் அடித்தால் பாப்பா அலறி எழுந்துவிடுகிறாள், பிறகு இடுப்பை விட்டு இறங்குவதில்லை. அதனால் நேற்று நம் வீட்டில் வைப்பது போலச் சட்டியில் சோறு வைத்தேன். முக்கால் மணி நேரம் கொதித்தும் அரிசியின் நடு வேகவே இல்லை. பக்கத்து வீட்டு வீரம்மாள் அக்கா சிரித்தார்.

"ஏத்தா, இது மேல்மலை. இந்த உசரத்துல குக்கர் இல்லாம விடிய விடிய கொதிச்சாலும் வேகாது!"

நானும் சிரித்தேன். குழைத்து ஊட்டியதைப் பாப்பா துப்பிவிட்டாள். பால் குடித்துத் தூங்கினாள். நான் பிஸ்கட் தின்றேன்.

தொட்டில் கட்ட உங்கள் பழைய சேலை ஒன்று வேண்டும். துவைக்க வேண்டாம். முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள் அம்மா, ஒரு வாரம் போதும். விசில் வரும்போது அவள் காதைப் பொத்த ஒரு ஆள் இல்லை.

இப்போது குக்கர்தான் வைத்திருக்கிறேன். பாப்பா தூங்குகிறாள். சீறத் தொடங்கிவிட்டது, எழுதுவதை நிறுத்துகிறேன்.

பிரியா