வலை விழாத இடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த முதுகுவலி குறைந்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோவேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. இருக்கிறோம், அவ்வளவுதான். உங்கப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை, உன் அறையில் கூரை ஒழுகி உன் பழைய கட்டிலை நகர்த்திப் போட்டிருக்கிறோம். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் கத்துவேன், நீ அழுவாய், உங்கப்பா நடுவில் பிடுங்கி, சாப்பிட்டியாம்மா என்று கேட்டு வைத்துவிடுவார். ஒவ்வொரு முறையும் அதுதான் நடக்கிறது. கடிதத்தை நடுவில் யாரும் பிடுங்க முடியாது.

நீ அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. நாட்டின் காலநிலைச் செயல்திட்டம் என்று பெரிய எழுத்தில் போட்டு, அட்டை பூராவும் கடல், நீலநீலமாய். உள்ளே தேடினோம். காடு இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, பேருந்து இருக்கிறது, மாட்டுச் சாணம்கூட இருக்கிறது. கடல் எங்கேடி என்று உங்கப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு வரி, கடல்சார் பகுதிகள் பின்னர் பரிசீலிக்கப்படும் என்று. கல்யாணத்துக்கு வா வா என்று கூப்பிட்டுவிட்டு வாசற்கதவைச் சாத்தின கதைதான். பின்பக்கம் உதவியவர்கள் என்று உன் பெயரும் இருக்கிறது. வேறு சமயமாக இருந்தால் அந்தப் பக்கத்தை ஊர் பூராவும் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். இப்போது பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் எனக்குச் சொல்லித் தீர வேண்டும். இந்தத் திட்டத்தை எழுதுகிற அரசாங்கக் குழுவோடு நீ இங்கே வந்தபோது ஏலக் கூடத்தில் மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று பேசினாய். நம் கடலுக்குள் இருக்கிற புல்தரை காற்றில் உள்ள கரியை இழுத்து மண்ணுக்குள் புதைத்து வைக்கிறது, இறாலும் நண்டும் குஞ்சு பொரிக்கிற இடமும் அதுதான், அங்கே வலை போட்டு அதைக் கலைக்காதீர்கள் என்றாய். அதை அப்படியே விட்டு வச்சா நாட்டோட திட்டத்துல சேர்த்துருவோம், அப்புறம் எவனும் தொட முடியாது என்றாய். படித்த பெண் சொல்கிறாள் என்பதற்காக யாரும் கேட்கவில்லை மகளே. அது நான் நாளெல்லாம் நின்று ஏலம் கூறுகிற இடம். மூணு தரம் என்று நான் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை, ஏலக்காரி மக சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றுதான் கேட்டார்கள். என் தம்பி, உன் வெடிவாய் மாமன், அவன் ஒருத்தன்தான் துள்ளினான், கடலுக்கு வேலி போடச் சொல்றாளா உன் மக என்று. அவனையும் நான்தான் அதட்டி உட்கார வைத்தேன். அன்றோடு அங்கே வலை விழவில்லை. உங்கப்பா காலி எண்ணெய் டின்களுக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்து எல்லைக்கு மிதக்கவிட்டார். படகு புல்லுக்குக் குறுக்கே வராமல் சுற்றி வந்தால் முதல் ஏலம் தவறும், எனக்கே வயிறெரியும், ஆனாலும் சுற்றித்தான் வந்தார்கள். ஒன்றும் அகப்படாத மாதங்களில்கூட ஒருத்தரும் டின்னைத் தாண்டவில்லை. வெளியூர்ப் படகு ஒன்று உள்ளே நுழைந்தபோது உன் மாமனே போய்க் கத்தி விரட்டிவிட்டு வந்தான். அவனுக்கே அந்த வேலி பிடித்துப்போய்விட்டது.

அப்புறம்தான் துறைமுகத்தை ஆழப்படுத்துகிறோம் என்று கடலை அளக்க வந்தார்கள். வலை விழுகிற இடமெல்லாம் வரைபடத்தில் சிவப்பு, அங்கே சேற்றைக் கொட்டினால் ஜனங்கள் பிழைப்பு போகும் என்று விட்டுவிட்டார்கள். கரைக்குப் பக்கத்தில் வலை விழாத இடம் ஒன்றுதான் இருந்தது. யாரும் பயன்படுத்தாத நீர்ப்பரப்பு என்று எழுதி, தோண்டுகிற சேற்றை அங்கே கொட்ட உத்தரவு வாங்கிவிட்டார்கள். படகுச் சங்கத் தலைவர் அதிகாரிகளிடம் ஓடினார், சாமி, அது சும்மா கெடக்கிற எடம் இல்ல, நாங்கதான் தொடாம காப்பாத்தி வச்சிருக்கோம் என்று சொல்லியிருக்கிறார். எந்தத் திட்டத்துல இருக்கு, காட்டுங்க என்றார்களாம். காட்டுவதற்குத்தானே உன் புத்தகத்துக்காகக் காத்திருந்தோம்! நாலு பேர் கண்டபடி வலையை இழுத்து நாசம் செய்திருந்தால் அந்த இடம் பிழைத்திருக்கும். பத்திரமாக வைத்ததால் பறிபோனது. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டாளே உன் மக என்கிறான் உன் மாமன். இந்தத் தடவை அவனை அதட்ட எனக்கு வாய் வரவில்லை.

சேற்றுக் கப்பல் வந்து கொட்டிவிட்டுப் போகிறது. தண்ணீர் கலங்கி, பழுப்பாகிவிட்டது. செத்த புல் ஏலக் கூடத்துப் படிவரைக்கும் ஒதுங்கி நாறுகிறது, அதைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் காலையில் பெட்டிகளை இறக்குகிறோம். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டினால் திருப்பித் திட்டி ஆற்றிக்கொள்வேன். ஆனால் இப்போது நான் விலை கூறி முடித்த பிறகு, உறுதிதானேக்கா என்று கேட்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே கிடையாது.

மேலே இருக்கிறவர்கள் கடைசிக் கூட்டத்தில் கடலை எடுத்துவிட்டார்கள், அளக்க முடியாததைத் திட்டத்தில் சேர்க்க முடியாது என்றார்கள், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை திருத்துவோம், அடுத்த தடவை சேர்த்துவிடலாம் என்று, புத்தகத்தைப் பார்த்துவிட்டு நான் கேட்டதற்கு நீ போனில் சொன்னாய். நல்லது. சேற்றுக்கு அடியில் கிடக்கிற புல்லிடம் போய், கொஞ்சம் பொறுத்துக்கோ, அடுத்த தடவை பார்க்கலாமாம் என்று சொல்லிவிட்டு வரவா? புல்லை அளக்கத் தெரியாதவர்களுக்குச் சேறு கொட்ட மட்டும் நன்றாக அளக்கத் தெரிந்திருக்கிறது. நீயாக எடுத்திருக்க மாட்டாய், பெற்றவளுக்குத் தெரியாதா. ஆனால் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அளக்க வருகிறவர்கள் வருவதற்குள் எல்லோரும் போய் அங்கே வலையைப் போட்டிருப்பார்கள், அதுவும் சிவப்பாகியிருக்கும். புத்தகம் அச்சாகி வரட்டும் என்று நீ வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாய். அது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இப்போது கேள். வடக்குப் பக்கம் பாதிப் புல் இன்னும் மூடாமல் இருக்கிறது. அங்கேயும் கொட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் நம் ஏலக் கூடத்திலேயே கருத்துக் கேட்கும் கூட்டம். அங்கே ஏன் வலை விழவில்லை என்று நாங்கள் சொன்னால் இப்போது கதை கட்டுகிறோம் என்கிறார்கள். அரசாங்கத்து ஆள் சொல்லித்தான் போடவில்லை என்று, சொன்ன ஆளே வந்து சொன்னால் எடுபடும் என்கிறார் தலைவர். வந்து சொன்னால் உன் வேலை போனாலும் போகலாம், அது தெரியாமல் நான் கேட்கவில்லை. உங்கப்பா, பிள்ளையை வற்புறுத்தாதே, அவ பொழப்பு அவளுக்கு என்கிறார். சொல்லிவிட்டு அந்த முழங்காலோடு வாசலில் உட்கார்ந்து வடக்குப் பக்கத்து டின்களுக்குப் புது வண்ணம் அடிக்கிறார். உன் மாமனோ, மிச்சப் பாதியில நாளைக்கே வலையப் போடுவோம், புல்லு போனாலும் எடமாவது நம்மகிட்ட இருக்கும் என்கிறான். பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்கள். என் மக வருவா, அதுவரைக்கும் யாரும் டின்னத் தாண்டாதீங்க என்று சொல்லிவிட்டேன்.

ரயிலில் வந்தால் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்கு, முதுகு தாங்காது. வழியில் கண்டதையும் தின்னாதே. நான் எவ்வளவு கடுமையாக எழுதினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் ஒன்று. நீ பெட்டிமேல் நின்று பேசிய அன்றைக்கு உனக்காக ஒரு தரம் சொன்னேன். இப்போது இரண்டாம் தரமும் சொல்லிவிட்டேன். மூன்றாம் தரத்தை நீதான் வந்து சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உனக்காக வாக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற
அம்மா