கட்டைவிரல் மறைத்த வரி

அண்ணா,

பிரார்த்தனைக் கூடத்தில் நீ பேசிய வீடியோவைப் பார்த்தேன். என்னிடம் கேட்டு வாங்கிய ஆய்வகத் தாளைத் தூக்கிப் பிடித்து, "நம்ம ஊற்றுத் தண்ணியில ஒரு கிருமிகூட இல்ல, விஞ்ஞானமே சொல்லுது!" என்கிறாய். கூட்டம் கைதட்டுகிறது.

பூஜ்யம் என்றிருக்கும் முதல் வரி ஊற்றுத் தண்ணீர் அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க நான் கொதிக்க வைத்து எடுத்து வைத்த தண்ணீர். கிருமி எண்ணிக்கை எகிறியிருக்கும் இரண்டாவது வரிதான் ஊற்று. அதன்மேல் உன் கட்டைவிரல் இருக்கிறது. கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. ஒப்பீட்டு பாட்டில் வைக்காமல் எந்தத் தண்ணீரையும் சோதிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியரே நீதானே?

அம்மா நாற்பது வருஷமாக அந்த ஊற்றடியில் சாமி கும்பிடுகிறாள். அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து, கொதிக்க வைத்துத்தான் குடிப்பாள். கேட்டால், "அடுப்பையும் சாமிதாண்டி குடுத்திருக்கு" என்பாள். நீ பேசிய மறுநாளிலிருந்து கொதிக்க வைப்பதை விட்டுவிட்டாள்.

வயிற்றுப்போக்கு வார்டில் அவள் கட்டிலருகே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மூன்றாவது பாட்டில் குளுக்கோஸ் ஏறுகிறது.

"ஏம்மா கொதிக்க வைக்கல?" என்று கேட்டேன்.

"உங்கண்ணன் அவ்வளவு படிச்சவன். அவனே சொன்னப்புறம் எதுக்குடி?"

நாற்பது வருஷம் சாமியை நம்பியவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அண்ணா.

பார்க்க வராதே. வந்தால் பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் உன்னைக் காட்டிப் பெருமைப்படுவாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எழுதவே கை கூசும்
உன் தங்கை