எல்லாக் கோர்ட்டிலும் நீ

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். நீயும் சுகம்தானே என்று வழக்கமாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை அந்த இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. நீ உண்மையிலேயே சுகமா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் நான் கத்துவேன், நீ அப்புறம் பேசுறேன்ப்பா என்று வைத்துவிடுவாய், அம்மா என்னை முறைப்பாள். அதனால் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு, கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வருஷா வருஷம் நடப்பது உனக்குத் தெரியும். அந்தப் பெரிய டென்னிஸ் போட்டி தொடங்கிவிட்டால் நம் மூக்குக் கண்ணாடிக் கடையில் வியாபாரம் அப்புறம்தான். ஊரெல்லாம் பந்தைப் பார்க்கும், நான் பந்து போகாத மூலையைப் பார்ப்பேன். அங்கே கோட்டுக்குப் பின்னால், தொப்பியும் கோடு போட்ட சட்டையுமாக, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்று, பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்கிற லைன் அம்பயர் என் மகள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவேன். ஆட்டக்காரர்களில் எனக்கு இரண்டே வகை, உன்னை மறைக்கிறவர்கள், மறைக்காதவர்கள். அந்த நெட்டையன் சர்வீஸ் போட நின்றால் உன் ஷூ கூடத் தெரியாது, அதனாலேயே அவன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். அம்மாவுக்கு எந்த ஆட்டமும் தெரியாது, ஆனால் போன வருஷம் அந்த இடதுகைக்காரி போட்ட சர்வீஸ் உன் தோளில் பட்டு, அவள் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்து உன் தோளைத் தடவிக் கொடுத்தாளே, அன்றிலிருந்து அவள் அம்மாவுக்கு இன்னொரு மகள். அவள் ஜெயித்தாளா, சாப்பிட்டாளா என்று என்னிடம்தான் விசாரிப்பாள், நான் என்னவோ கூட இருந்து பரிமாறியது மாதிரி.

இந்த வருஷமும் முதல் நாளே டிவியைப் போட்டேன். கடையில் சத்தத்தை அணைத்துத்தான் வைப்பேன், கண் சோதிக்க வந்தவர் பலகையில் எழுத்தைப் படிக்கும்போது குறுக்கே இரைச்சல் கூடாது. பார்த்தால் கோட்டுக்குப் பின்னால் ஆளே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்து பொறுக்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், உயர நாற்காலியில் அம்பயர் இருக்கிறார், லைன் அம்பயர்கள் ஒருத்தரும் இல்லை. வேறு கோர்ட்டுக்கு மாற்றினேன், அங்கேயும் இல்லை. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். டீ டம்ளரோடு வந்த எதிர்க்கடை டெய்லர் இதைப் பார்த்துவிட்டு, ஊருக்கெல்லாம் பவர் பாத்துக் குடுக்கறீங்க சார், உங்களுக்கு யாரு பாக்கறது என்று சிரித்தார். அந்த வாரம் முழுக்கத் தேடினேன். சனிக்கிழமை நீ போன் செய்தபோது, இந்தத் தடவை உனக்கு எந்தக் கோர்ட்டும்மா என்று கேட்டேன். எல்லாக் கோர்ட்டுலயும்தாம்ப்பா என்றாய். குரல் கட்டியிருந்தது, சளி என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரி, மேற்பார்வை பார்க்கிற வேலைக்கு உயர்த்திவிட்டார்கள் போல என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, டெய்லர் கடைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு, கடை விடுமுறை. மாடியில் வீட்டு டிவியில் சத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன், இடதுகைக்காரி ஆட்டம். அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பந்து வெளியே போனது, அவுட் என்று ஒரு குரல் வந்தது. நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அம்மா கத்தியும் கையுமாக ஓடி வந்தாள். என்னிடம் வரவில்லை, நேரே வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். சொல்லாம கொள்ளாம வந்துட்டாளா என்றாள். யாரு என்றேன். நம்ம பொண்ணுதான், கத்துச்சே இப்ப, உங்களுக்குக் காது அடைச்சிருக்கா என்றாள். அதற்குள் இன்னொரு பந்து, இன்னொரு அவுட். ஐயோ, இந்தத் தடவை நானும் கேட்டேன். மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும்போது, கதவைப் படாரென்று சாத்துவது போல ஒரு அவுட் சொல்லுவாயே, அதேதான். உன் குரல் இருக்கிறது, உன்னைக் காணோம். அம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டுவிட்டு, நேத்து போன்ல தொண்டை கட்டியிருந்துச்சே, ஒரே ராத்திரியில எப்படிச் சரியாச்சு என்றாள். அதற்குப் பதில் சொன்னது வர்ணனை செய்கிறவர்தான். இந்த வருஷத்திலிருந்து லைன் அம்பயர்களே கிடையாதாம், எல்லாம் கேமராவும் கம்ப்யூட்டருமாம், முன்பு இங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணின் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்களாம், பந்து வெளியே விழுந்தால் மெஷின் அந்தக் குரலில் அவுட் சொல்லுமாம். முன்பு வேலை பார்த்த பெண். அந்த வார்த்தை என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. சேனலை மாற்றினேன், வேறு கோர்ட், வேறு ஆட்கள், அங்கேயும் நீ. எல்லாக் கோர்ட்டிலும் என்று நீ சொன்னது பொய்யில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஏன்டா கண்ணு எங்களிடம் சொல்லவில்லை? வேலை போய் எவ்வளவு நாளாகிறது? குரல் எடுக்கும்போது இது எதற்கு என்று உன்னிடம் சொன்னார்களா, இல்லை ஏமாற்றி எடுத்தார்களா? இன்னும் அதே அறையில்தான் இருக்கிறாயா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? வேலை போவது உலகத்தில் இல்லாத அதிசயமா, அதற்கு நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? வாராவாரம் வேலை எப்படிப் போகுது என்று நான் கேட்க, நல்லாப் போகுதுப்பா என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்று கட்டியிருந்த குரல்கூடச் சளிதானா என்று இப்போது எனக்குச் சந்தேகம். டெய்லரிடம் விஷயத்தைச் சொன்னேன், மனுஷன் சிரிக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, போகட்டும் சார், குரலாவது நிலைச்சு நிக்குதே என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் குரலையா பெற்றோம், சொல்.

அப்புறம் ஒரு ஆட்டம் விடாமல் அம்மாவே டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தாள். மெஷின்தான் என்று தெரிந்தும் ஒவ்வொரு அவுட்டுக்கும் திரும்பி வாசலைப் பார்ப்பாள். இடதுகைக்காரி யாரும் எதிர்பார்க்காமல் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டாள். கடைசியில் அவள் அடித்த பந்து கோட்டை உரசினாற்போல் விழுந்தது, உள்ளேதான் என்று நான் சத்தியம் பண்ணுவேன். அவுட் என்றாய், அந்தப் பந்தோடு அவள் தோற்றாள். அடிப்பாவி, உன் தோளைத் தடவிக் குடுத்தவளாச்சேடி என்று அம்மா டிவியைப் பார்த்துத் திட்டினாள். இடதுகைக்காரி சண்டைக்குப் போகிற வேகத்தில் கோட்டுப் பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. நான் கடையில் விழித்த மாதிரியே அந்த வெற்றிடத்தைப் பார்த்து விழித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கை குலுக்கப் போய்விட்டாள். கோப்பை கொடுத்தார்கள், கூட்டம் கலைந்தது, சோப்பு விளம்பரம் வந்தது. அம்மா டிவியை அணைக்க விடவில்லை. இன்னும் ஒரு தடவை சொல்லுவாளான்னு பாருங்க என்றாள். ஆட்டமே முடிஞ்சு போச்சு, இனிமே எதுக்குச் சொல்லுவா என்றேன். அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தவள் அப்போதுதான் அழுதாள்.

உடனே கிளம்பி வா என்று உன்னைப் பிடித்து இழுக்க மாட்டேன், அங்கேயே வேறு வேலை தேடுவதானாலும் உன் இஷ்டம். உன் கட்டில் மேல் ஃபிரேம் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன், இன்று காலையில் எல்லாவற்றையும் கடைக்கு இறக்கிவிட்டேன், அவ்வளவுதான் சொல்வேன். தொண்டைக்கு வெந்நீர் குடி, ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். இந்தச் சனிக்கிழமை நல்லாப் போகுதுப்பா என்று மட்டும் சொல்லாதே. அம்மா கடைக்கு இறங்கி வந்து பேனாவைப் பிடுங்குகிறாள்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கிற,
உன் அப்பா

அம்மா எழுதுவது: டிவியில உனக்குச் சளியே இல்ல. எனக்கு அந்தக் குரல் வேண்டாம். தொண்டை கட்டியிருந்தாலும் பரவாயில்ல, அழுதாலும் பரவாயில்ல, இது கைக்கு வந்ததும் போன் பண்ணு.