கொப்பரையில் போன படகு

இன்று எருத்தேன்பதிப் பக்கம் போனேன். கரும்பாலையில் வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை. உடனே உன் ஞாபகம், கூடவே கோபம். போன மாதம் நீ இறந்த செய்தி வந்தபோதுகூட இத்தனை கோபம் வரவில்லை.

எழுபதுகளில், மலையாள எல்லைக்குள் நாம் வேலை பார்த்த தமிழ்ப் பள்ளிக்குப் புது இலக்கியத் திட்டம் வந்ததே! மலையாளத்தில் எழுதியதை அப்படியே தமிழாக்கிய கையேடு. நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் பாடமே படகுப் பாட்டு. "படகில் சென்ற அனுபவத்தைச் சொல்க" என்று கேள்வி. கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத பிள்ளைகள்!

"டீச்சர், படகுன்னா மாட்டுத் தொட்டியாட்டம் இருக்குங்களா?" என்றாள் உன் வகுப்பில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. நேராகப் பக்கத்து ஆலைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த கொப்பரையைக் கேட்டாய்.

"ஏனுங்க டீச்சர், பாகு காச்சவா, புள்ளைய காச்சவா?" என்றார் ஆலைக்காரர்.

பம்புசெட் தொட்டியில் கொப்பரை மிதந்தது. கேள்வி கேட்டவளையே அதில் உட்காரவைத்தாய். சுற்றி நின்றவர்கள் துடுப்புப் போடுவதுபோல் கையை வீசிக்கொண்டே பாடினார்கள். நானும் என் வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து பாடினேன். அந்த நேரம் பார்த்தா கல்வி அதிகாரி வரவேண்டும்?

"இது பரிபாடியில் இல்லல்லோ, டீச்சரே" என்றார். திட்டத்தில் இல்லையாம்!

"புள்ளைங்க மனசுலயும் படகு இல்லீங்களே, சார்" என்றாய்.

ஒரு வாரத்தில் உன்னை எங்கோ மலைமேல் இருக்கிற தேவிகுளத்துக்குத் தூக்கியடித்தார்கள். அங்கே தையல் வகுப்பு. இங்கே தமிழ் எடுக்க நம் இருவரை விட்டால் யார் இருந்தார்கள்? நான் தலைமையாசிரியர் அறையில் கத்தினேன். "மேல எடுத்த முடிவுங்கம்மா" என்றார். பஸ் ஏறும்போது நீ சொன்னாய்: "உடு புள்ள. புள்ளைங்க படகுல ஏறீட்டாங்கல்ல." எப்படி விடுவது? அந்த வார்த்தைக்காக உன் மேலும் எனக்குக் கோபம்தான்.

உன் வகுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள். மறுவருடம் அதே பாடம், அதே கொப்பரை. அதே அதிகாரியும் வந்தார். "மேலிடத்துக்கு எழுதுங்க சார், என்னையும் மாத்துங்க" என்றேன். அவர் எழுதவில்லை. என்னையும் அனுப்பினால் தமிழுக்கு ஆளே இல்லையாம்! இது உன்னை அனுப்பும்போது தெரியவில்லையா?

ஆலை ஓரத்தில் இன்றும் ஒரு கொப்பரை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் நின்று அந்தப் பாட்டை, கையை வீசி வீசி, முழுசாகக் கத்திப் பாடிவிட்டுத்தான் வந்தேன்.