கிணற்றடி மண்

2009 ஏப்ரல் 21
டியூசனில் அஸீஸா ரீச்சர் குடலில் பெருகும் வைரசுகளைப் பற்றிச் சொன்னார். பன்றிகளுக்கும் அவை உண்டாம். பக்கத்தில் இருந்த விதுசா, "எங்கட குட்டியளுக்கும் கழிச்சல்தான். ரெண்டு செத்திட்டு," என்றாள். சுனாமியில் தோணி போன பிறகு, அவளுடைய அப்பா அழகரெத்தினத்துக்கு ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த பன்றிகள். எங்கள் வீட்டில் அந்த மிருகத்தின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. எனக்கோ பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 23
பார்த்தேன். விதுசா வீட்டுப் பன்றிப் பட்டிக்குப் பக்கத்திலேயே கிணறு. குட்டிகள் நடுங்கின, பின்பக்கமெல்லாம் மஞ்சள் நீர். ஒன்று வந்து என் காலில் உரசிவிட்டது.

பன்றி பட்டால் எங்கள் மார்க்க முறைப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. விதுசா தண்ணீர் அள்ளி ஊற்றினாள். "எண்ணிக்கை பிழைச்சா முதல்ல இருந்து கழுவ வேண்டி வரும், கவனம்கா!" சிரித்துச் சிரித்தே கழுவினேன். கிணற்றடி ஈரமண்ணை அள்ளித் தேய்த்தேன். வீட்டுக்கு வந்து தம்பி இன்ஸாபுக்கு வாழைப்பழம் பிசைந்து ஊட்டினேன்.

ஏப்ரல் 26
இன்ஸாபுக்கு வயிற்றோட்டம்.

ஏப்ரல் 27
ஆஸ்பத்திரி. சேலைன் ஏறுகிறது. கண்கள் உள்ளே போய்விட்டன. வார்ட் நிறைய இதே நோய். அடுத்த கட்டில் பிள்ளைக்குச் சம்மாந்துறை ஊர். நான் பட்டிக்குப் போவதற்கு முன்பே வந்து படுத்தது.

ஏப்ரல் 29
வானொலியில் பன்றிக் காய்ச்சல் செய்தி. "அது வேற, இது வேற. இது குடல்ல வாற வைரஸ்," என்று டொக்டர் உம்மாவிடம் சொன்னார். வாப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். "அதத் தொடாத நமக்கே வருதெண்டா, காத்துலதான் வருது. அந்தப் பட்டிய எடுக்கணும்." ஊரில் பலரும் அப்படித்தான் கதைக்கிறார்கள். எடுத்தால் விதுசா வீட்டார் எதைக் கொண்டு சாப்பிடுவார்கள்?

மே 1
நூலகத்தில் வாசித்தேன். இவ்வகை வைரசுகள் மலத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. பன்றியுடையவை பெரும்பாலும் பன்றியோடு நின்றுவிடும். சிலவேளை மனிதருக்குத் தாவும். தாவியதா என்று அறிய இரு பக்கமும் சோதிக்க வேண்டும். இங்கே யார் சோதிப்பது?

பிறகுதான் அந்த மண் ஞாபகம் வந்தது. பட்டிக் கழிவு ஊறிய மண். அதையா கையால் அள்ளினேன்? மார்க்கம் சொல்வது சுத்தமான மண்ணை அல்லவா? சவர்க்காரமும் போடவில்லை -

வாப்பாவிடம் சொன்னால் என்ன? காற்றில் வராது என்று விளங்கும். பட்டியை எடுக்காமலே விடலாம்.

மே 2
சொல்லிவிட்டேன்.

"அல்லாஹ்வே! அதுக்குள்ள போனியாடி?" என்று உம்மா தலையில் கைவைத்தார். வாப்பா கோபப்படவில்லை. "எந்தக் கையால புள்ளைக்கு ஊட்டின?" என்று மட்டும் கேட்டார்.

"வாப்பா, காத்துல வராது. கையாலதான். அதுவும் அங்க இருந்துதான் வந்ததெண்டு தெரியா. சம்மாந்துறைப் புள்ளைக்கு எப்பிடி வந்த?"

"கேட்டிட்டன் மகள். போ."

மே 3
ஊர்க் கூட்டத்தில் வாப்பா எழும்பிச் சொன்னாராம்: "எங்கட வீட்டுக்கே வந்திட்டு. வேற சாட்சி என்னத்துக்கு?"

அதற்கா சொன்னேன்? அதற்கா நான் சொன்னது?

மே 5
இன்ஸாப் வீட்டுக்கு வந்துவிட்டான். கிண்ணத்தைத் தட்டிச் சோறு கேட்கிறான்.

மே 8
லொறி வந்து பன்றிகளை ஏற்றிப் போனது. வந்த விலைக்குக் கொடுத்தார்களாம்.

மே 19
யுத்தம் முடிந்ததாம். பிரதான வீதியில் வெடி கொளுத்தினார்கள். விதுசாவின் ஒழுங்கையில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன.

மே 24
பக்கத்து வீட்டு றஹீமா மாமியின் மகனுக்கும் வயிற்றோட்டம். வார்ட்டில் கட்டில் இல்லை, பாயில் கிடத்தியிருக்கிறார்கள் என்று மாமி வந்து சொன்னார். "பட்டிய எடுத்து ரெண்டு கிழமைக்கு மேலயாச்சே," என்றார் வாப்பா. மாமி போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அழகரெத்தினத்துட மகள் டியூசனுக்கு வாறதா?"

"ஓம்."

"உன்னோட கதைக்கிறதா?"

"இல்ல."

வாப்பா வானொலியை நிறுத்தினார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். ஒழுங்கை முனையில் விதுசா வீட்டுப் பக்கம்தான் திரும்பினார்.