இரண்டு பேருக்கு மட்டும்

செப்டம்பர் 10, செவ்வாய். போர்தோ

கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஜன்னலோரம் நான்கு மேசை காலி. "அதெல்லாம் ரெண்டு பேரா வர்றவங்களுக்கு, மதாம்," என்றான் பரிமாறுகிற பையன். சரி, தொலையட்டும் என்று மெனுவைப் பார்த்தேன். தணலில் சுட்ட மாட்டு விலா. அதன் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி: இரண்டு பேருக்கு மட்டும்.

"இதைக் கொண்டு வாங்க."

"அது ரெண்டு பேருக்கு..."

"எனக்கும் படிக்கத் தெரியும்."

"தனியா சாப்பிடறவங்களுக்கு மீன் நல்லா இருக்கும், மதாம்."

மீனைத் தின்றுவிட்டு வந்தேன். நாந்த் நகரில் அத்தனை வருஷம் டிராம் ஓட்டியவள் நான். தண்டவாளத்தில் காரை நிறுத்தியவனையெல்லாம் இறங்கிப் போய் உண்டு இல்லை என்று ஆக்கியவள். இன்று இந்தப் பொடியனிடம் தோற்று, மீன்! வெட்கக்கேடு.

இந்தப் பயணம் என் கணவன் எர்வேயும் நானும் போட்ட திட்டம். ஊர் ஊராகப் போய் நன்றாகச் சாப்பிடுவது, அவ்வளவுதான். ஜூன் மாதம் பல் கட்டப் போனவன், அந்தப் பல் டாக்டரம்மா வீட்டிலேயே தங்கிவிட்டான். "பயணத்தை ரத்து பண்ணிடு, ஓடில்," என்று போனில் சொன்னான். நான் எதற்கு ரத்து பண்ண வேண்டும்? ஓடிப்போனது அவன்தானே?

செப்டம்பர் 11

இனி எவன் சொன்னாலும் விடமாட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி. காஸ்தெல்நோதரி

கசூலே. வாத்துக்கால், தொத்திறைச்சி, வெள்ளை பீன்ஸ், மண்சட்டியில். இதுவும் இரண்டு பேருக்கு மட்டும். கடைக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்களால ஆகாது, மதாம்."

"வயிறு என்னுது. நீங்க ஏன் கவலைப்படறீங்க?"

"மிச்சம் வச்சா சமையல்கட்டுல எங்க வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார்."

"அவரை வெளியே வந்து பார்க்கச் சொல்லுங்க."

வந்தே விட்டார் மனிதர். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லாப் பக்கம் நின்று பார்த்தார். பெல்ட்டைத் தளர்த்தினேன். சட்டியை ரொட்டியால் துடைத்துக் காட்டினேன். அவர் ஒரு கிளாஸ் அர்மாஞாக் பிராந்தி கொண்டுவந்து வைத்தார். இரவு முழுக்க நெஞ்சு எரிந்தது. எரியட்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தங்கை கொலேத் போன் பண்ணினாள். "அக்கா, அந்தப் பொம்பளை அத்தானை அனுப்பிட்டா. குறட்டை தாங்கலையாம். உன்னைத்தான் தேடறார்."

விழுந்து விழுந்து சிரித்தேன். போனை வைத்ததும் அழுகை. எதுக்கு அழறேன்? அந்தக் குறட்டையை முப்பது வருஷம் நான் கேட்டேனே, எனக்கு யாரு என்ன கொடுத்தா? சனியன்.

செப்டம்பர் 17, செவ்வாய். மார்சேய்

புயாபேஸ். மீன் குழம்புதான், ஆனால் இது நானே கேட்ட மீன். முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். "எத்தனை பேர்?" என்றார்கள். இங்கே போய்ச் சண்டை போடத் தெம்பில்லாமல், "ரெண்டு," என்று சொல்லிவிட்டேன்.

பலன்? இரண்டாவது ஆள் வராமல் குழம்பு வராது. எதிரே காலித் தட்டு. பரிமாறுகிற பெரியவர் வாசலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். பக்கத்து மேசையில் கிசுகிசு. கடைசியில், "வந்துருவாரும்மா," என்றார், அத்தனை கனிவாக. 

போர்தோ பையன் மறுத்ததுகூட இப்படி வலிக்கவில்லை. "யாரும் வரலை. நான் ஒருத்திதான். பொய் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க. இப்ப சாப்பாட்டைக் கொண்டு வாங்க," என்றேன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. கொண்டுவந்தார். அருமையான குழம்பு. பொய் சொன்னதால் பாதி ருசி போயிற்று.

செப்டம்பர் 19

எர்வே பேசினான். சனிக்கிழமை அன்சியில் அந்த சீஸ் ஃபோந்து கடைக்கு வருகிறானாம். "நம்ம ரெண்டு பேருக்கும்னு வச்ச இடம்தானே?"

"ரோடு எல்லாருக்கும் பொது. வா, வராம போ," என்று சொல்லிவிட்டேன். வந்து நின்றால் இளகிவிடுவேனோ? முப்பது வருஷம் கொஞ்சமா?

செப்டம்பர் 21, சனி. அன்சி

"ஒருத்திதான். ரெண்டு பேருக்கான ஃபோந்து வேணும்," என்றேன். பரிமாறுகிற பெண் வாயைத் திறப்பதற்குள், "பேச்சு வேண்டாம் கண்ணு," என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

உருகிக் கொதிக்கிற சீஸ் பானையில் முட்கரண்டியால் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது எர்வே வந்தான். இளைத்திருக்கிறான். கையில் பூ. எதிரே உட்கார்ந்தான். பரிமாறுகிற பெண்ணுக்கு நிம்மதி, ஓடிப்போய் இன்னொரு நீள முட்கரண்டி கொண்டுவந்தாள். அதை வாங்கி அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"பானை என்னுது. அவருக்கு மெனு கொடுங்க."

"ஓடில்... எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். உனக்கு என்ன வேணுமோ சொல்லு."

ஆம்லெட் சொன்னான். அழகாகத்தான் பேசினான். தப்புப் பண்ணிட்டேன், வீடு, நாம. கேட்டுக்கொண்டே தின்றேன். பானையின் அடியில் மொறுமொறுவென்று காந்தல் பிடித்திருந்தது. எந்த வீட்டிலும் அதை எல்லோருக்கும் பங்கு போட்டுத்தான் கொடுப்பார்கள். முழுவதையும் சுரண்டி என் தட்டில் போட்டுக்கொண்டேன். அவன் பேச்சு அப்போதுதான் நின்றது.

"வீட்டுக்கு வரட்டுமா?" என்றான், ரொம்ப மெதுவாக.

மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னேன். "வேண்டாம் எர்வே. ஆம்லெட் ஆறுது பாரு, சாப்பிடு."

செப்டம்பர் 22, ஞாயிறு

காலை ரயிலில் போய்விட்டான். நான் வழியனுப்பப் போகவில்லை. குளிக்கும்போது கொஞ்சம் அழுதேன், பிறகு பசித்தது.

அடுத்த ஊர் லியோன். அங்கே ஒரு கடைக்குப் போன் செய்தேன். முழுக்கோழி, இரண்டு பேருக்கு மட்டும் என்றாள் எடுத்தவள். எத்தனை பேர் என்று கேட்டாள்.

"ஒருத்தி."

அந்தப் பக்கம் பேனா கிறுக்குகிற சத்தம்.

"எத்தனை மணிக்கு வருவீங்க, மதாம்?" என்றாள்.